பட்டாணி சாமுவேல்

மால்குடி எந்த ஊர்? பெங்களூரில் வெகுகாலமாக ஒரு விடை சொல்லி வருகிறார்கள். மல்லேஸ்வரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் எடுத்து ஒட்டினால் மால்குடி வந்துவிடும் என்பார்கள். ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்கு இந்த விடை ரொம்பப் பிடிக்கும். மல்லேஸ்வரம் அவர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. நடந்தே போய்விடலாம்.

மால்குடியை உண்டாக்கிய ஆர்.கே. நாராயணன் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் தானாக வந்தது என்றுதான் அவர் சொல்லி வந்தார்.

ஆனாலும் பெங்களூருக்கு அதில் பங்கு இல்லாமல் போகவில்லை. 1930-ஆம் ஆண்டில், பாட்டி பார்த்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு அவர் எழுத உட்கார்ந்தார். அப்போது அவர் கண்ணில் முதலில் பட்டது ஒரு சின்ன ரயில் நிலையம். மரம், பிளாட்பாரம், அந்தப் பிளாட்பாரத்தில் ஓடும் சுவாமிநாதன் என்ற பையன். ஊர் பிறகுதான் வந்தது. ரயில் நிலையத்தை வைத்து ஊர் உண்டாவது ஸ்ரீராம்புரத்தாருக்குப் புதுச் செய்தி அல்ல.

சுவாமியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மணியைப் பற்றியும் ராஜத்தைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். அதே வகுப்பில் சாமுவேல் என்று ஒரு பையன் இருந்தான். அவனைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

நாலாவது ஆள்

சுவாமி படித்தது ஆல்பர்ட் மிஷன் பள்ளியில், முதல் பாரம் 'ஏ' பிரிவில். வகுப்பில் அவன் மனம் விட்டுப் பழகியது நாலே பேரிடம். முதலாவது சோமு. வகுப்பு மானிட்டர். வாத்தியார்களிடமும் சரிசமமாகப் பேசுகிற துணிச்சல்காரன். இரண்டாவது மணி. புத்தகம் கொண்டுவராமல், கடைசி பெஞ்சில் தூங்கி, யாரை வேண்டுமானாலும் அடிக்கக்கூடியவன். மூன்றாவது சங்கர். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போட்டுவிடுவான். மார்க் தொண்ணூறை ஒட்டியே இருக்கும்.

நாலாவதுதான் சாமுவேல். உருவம் சிறியது என்பதால் பையன்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'பட்டாணி'.

இவனுக்கு என்ன பெருமை? ஒன்றும் இல்லை. நாராயணனே அப்படித்தான் எழுதியிருக்கிறார். புத்தியும் சாதாரணம், உடம்பும் சாதாரணம். கணக்கில் சுவாமியைப் போலவே மோசம். பயந்த சுபாவம். வாத்தியார் வேதநாயகம் கண்ணை உருட்டினால் முதலில் நடுங்கக்கூடிய கூட்டத்தைச் சேர்ந்தவன்.

அப்படியானால் சுவாமிக்கும் அவனுக்கும் எப்படிச் சிநேகம் உண்டானது? சிரிப்பினால் உண்டானது. மற்றவர்கள் கண்ணில் படவே படாத ஓர் அற்ப விஷயம் இவர்கள் இரண்டு பேர் கண்ணிலும் ஒரே சமயத்தில் படும். இருவரும் அடக்க முடியாமல் சிரிப்பார்கள். மணியிடம் சுவாமிக்குப் பயம் கலந்த மரியாதை. சங்கரிடம் ஒரு பிரமிப்பு. சாமுவேலிடம் இந்த இரண்டும் கிடையாது. சேர்ந்து சிரிப்பான், அவ்வளவுதான்.

பொதுவாகக் கதை எழுதுகிறவர்கள் இப்படி ஒரு பையனை வகுப்பில் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாலும் அவனுக்கு ஒரு வியாதியைக் கொடுத்து, பாதிக் கதையில் சாகடித்து, வாசகர்களை அழ வைத்துவிடுவார்கள். நாராயணன் அந்த வேலையைச் செய்யவில்லை. சாமுவேல் சாகவில்லை. வீரச்செயலும் செய்யவில்லை. பரீட்சை எழுதினான்.

ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கு ஓர் அசல் உண்டு. நாராயணன் 1906-ல் சென்னையில் பிறந்தவர். சிறு வயதில் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து அங்கிருந்த லூதரன் மிஷன் பள்ளியில் படித்தார். பைபிள் வகுப்பில் இந்துப் பையன்கள் ஏச்சு வாங்கிய அனுபவம் அங்கே கிடைத்ததுதான். கதையில் எபனேசர் வாத்தியார் இந்துக் கடவுள்களைக் கேலி பேசுகிறார். சுவாமி எதிர்த்துக் கேட்டுக் காதைத் திருகக் கொடுக்கிறான். அந்த வகுப்பில் சாமுவேல் என்ற பெயருள்ள பையன், சுவாமிநாதன் என்ற பெயருள்ள பையனோடு சிரித்துக்கொண்டிருந்தான். அதை ஒரு பெரிய விஷயமாக நாராயணன் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாததால்தான் அது நன்றாக இருக்கிறது.

தலைப்பு மாறியது

நாவலின் கையெழுத்துப் பிரதி லண்டனுக்குப் போய்ப் பல பதிப்பாளர்களிடம் திரும்பி வந்த கதை பலருக்குத் தெரியும். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த நாராயணனின் நண்பர் அதை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்துப் பார்த்துச் சிபாரிசு செய்து, 1935-ல் புத்தகம் வெளிவந்தது. நாராயணசுவாமி என்ற நீண்ட பெயரை ஆர்.கே. நாராயணன் என்று சுருக்கச் சொன்னவரும் கிரீன்தான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. நாராயணன் முதலில் வைத்திருந்த தலைப்பில் சுவாமி மட்டுமே இருந்தான். அச்சில் வந்தபோது அது 'சுவாமியும் நண்பர்களும்' ஆயிற்று. சாமுவேலுக்கும் அட்டையில் ஓர் ஓரமாக இடம் கிடைத்தது. பெயர் போடாத இடம்தான். ஆனாலும் இடம்.

ஆகும்பே மழையில்

புத்தகம் வந்து அரை நூற்றாண்டு கழித்து இந்தப் பையன்கள் டெலிவிஷனுக்கு வந்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'மால்குடி டேஸ்' தொடரைக் கன்னட நடிகர் சங்கர் நாக் டைரக்ட் செய்தார். சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேயை மால்குடி ஆக்கினார். மழைக்குப் பேர் போன ஊர். சுவாமியாக நடித்தவர் மாஸ்டர் மஞ்சுநாத். அப்பாவாக கிரீஷ் கர்னாட், அம்மாவாக வைசாலி காசரவள்ளி. இசை எல். வைத்தியநாதன். அந்தத் தொடக்க மெட்டை இன்றைக்கும் ஐம்பது வயது தாண்டியவர்கள் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள்.

ஒவ்வொரு வாரமும் தொடங்கும்போது சித்திரங்கள் வரும். வரைந்தவர் நாராயணனின் தம்பி ஆர்.கே. லட்சுமண். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக, 1951 முதல் பத்திரிகையில் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்த 'சாமானிய மனிதனை' வரைந்தவரும் அவர்தான். அண்ணன் வகுப்பில் ஒரு சாமுவேலை உட்கார வைத்தார். தம்பி கார்ட்டூனில் ஒரு சாமானியனை நிறுத்தி வைத்தார். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே கண்!

முதல் 13 பகுதிகளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டன. ஸ்ரீராம்புரத்தில் அந்தக் காலத்தில் டி.வி. இருந்த வீடுகளை எண்ணிவிடலாம். ஒரு வீட்டில் டி.வி. என்றால் அந்த வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வாசற்படி வரை உட்கார்ந்திருப்பார்கள். இந்தி தெரிந்தவர்கள் அதில் ஓரிருவர். தமிழ்க் குடும்பத்து எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதி, கன்னட நடிகர் கன்னட ஊரில் எடுத்து, நடிகர்கள் இந்தியில் பேச, தமிழர் இசையமைத்த கதை. மில் தொழிலாளியின் பிள்ளை அதைத் தமிழில் புரிந்துகொண்டான். காதைத் திருகுவதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மஞ்சுநாத் பிரபலமானார். 1990-ல் வந்த 'அக்னிபத்' இந்திப் படத்தில் அமிதாப் பச்சனின் சிறு வயது வேடம் அவருக்குக் கிடைத்தது. அதே 1990-ல் செப்டம்பர் 30-ந் தேதி தாவணகெரே அருகே கார் விபத்தில் சங்கர் நாக் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. மால்குடி என்றால் கன்னடிகர்கள் இன்றைக்கும் முதலில் சொல்வது அவருடைய பெயரைத்தான். வகுப்பறைக் காட்சிகளில் சுவாமிக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்லேட்டையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத்தான் யாரும் கேட்பதில்லை.

வர்ணம் பூசுகிறவர்கள்

பின் பெஞ்சுப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் 1989 டிசம்பரில் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் 'சிம்ப்சன்ஸ்' என்ற நகைச்சுவைச் சித்திரத் தொடரை எடுத்துக்கொள்ளலாம். 750 பகுதிகளைத் தாண்டிவிட்டது. அதில் பார்ட் என்ற குறும்புக்காரப் பையன் படிக்கும் நாலாம் வகுப்பில் லூயிஸ், ரிச்சர்ட், வெண்டல் என்று சிலர் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வயதும் ஏறவில்லை, வகுப்பும் ஏறவில்லை. வெண்டல் என்ற வெளுத்த முகக்காரப் பையனுக்குக் கிடைத்த பெரிய வேலை, பஸ்ஸில் போகும்போது வாந்தி எடுப்பது.

சித்திரத் தொடரில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைப்பதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. வகுப்பு என்று காட்டினால் பெஞ்சு காலியாக இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு மாதிரிப் படம் ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டால் போதும். தேவைப்படும்போதெல்லாம் அதைப் பார்த்து வரைந்து உட்கார வைக்கலாம். குரலும் அப்படித்தான். பார்ட்டுக்குக் குரல் கொடுக்கும் நான்சி கார்ட்ரைட் என்ற அம்மையாரே வகுப்பில் வேறு பல பையன்களுக்கும் குரல் கொடுக்கிறார். படம் நகர்வதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான தாள்களை வரைந்து வர்ணம் பூசியவர்களோ தென் கொரியாவில் சியோல் நகரத்து ஸ்டூடியோக்களில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். பின் பெஞ்சுப் பையனை வரைந்தவனும் ஒரு பின் பெஞ்சுக்காரன்தான்.

அந்தப் பையன்கள் இடத்தை நிரப்புகிறார்கள். சாமுவேலை நாராயணன் அப்படி விட்டுவிடவில்லை. ஒரே பத்திதான் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு பத்தியில், சுவாமிக்கு இவன் எதற்காக வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டார்.

வால்

சாமுவேல் நல்லவன் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது.

வகுப்புக்கு ராஜம் என்ற புதுப் பையன் வருகிறான். போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டின் மகன். மோட்டாரில் வந்து இறங்குகிறான். வகுப்பிலேயே ஸாக்ஸும் பூட்ஸும் போட்டவன் அவன் ஒருவன்தான். வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷ் பேசுகிறான். முதலில் மணி அவனோடு மோதப் பார்த்து, பிறகு சிநேகமாகி, சுவாமியும் போய் ஒட்டிக்கொள்கிறான்.

பழைய நண்பர்களுக்குப் பொறுக்கவில்லை. சோமு, சங்கர், சாமுவேல் மூன்று பேரும் சுவாமியோடு பேச்சை நிறுத்துகிறார்கள். அவனுக்குப் புதுப் பெயர் கிடைக்கிறது: ராஜத்தின் 'வால்'. காகிதத்தில் வால் செய்து முதுகில் மாட்டுகிற அளவுக்குப் போகிறது விஷயம்.

சோமு செய்ததும் சங்கர் செய்ததும் சுவாமிக்கு வலித்திருக்கும். ஆனால் சேர்ந்து சிரித்தவனே எதிர்ப்பக்கம் நின்று சிரிப்பது வேறு வகை வலி. ஆபீசில் சூப்பரிண்டெண்டெண்ட் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்த குமாஸ்தாவை மற்ற குமாஸ்தாக்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயதுதான் வித்தியாசம்.

கடைசியில் ராஜமே எல்லோரையும் தன் வீட்டுக்கு வரவழைத்து, சிநேகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து, பரிசும் கொடுத்துச் சமாதானம் செய்து வைக்கிறான். போலீஸ்காரர் மகன் அல்லவா!

தாமதமாக வந்தவன்

பரீட்சை முடிகிறது. விடுமுறை போகிறது. அடுத்த வகுப்பு தொடங்கும்போது பழைய கூட்டம் கலைந்துவிட்டது. சங்கரின் தகப்பனாருக்கு வேறு ஊருக்கு மாற்றல். சோமு பெயில். பெயிலானவன் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. பையன்கள் சட்டம் அது.

சாமுவேல் பாஸ்தான். ஆனால் அவன் பள்ளிக்குத் திரும்பியது மாதக்கணக்கில் தாமதமாக. அதற்குள் சுவாமி, மணி, ராஜம் மூவரும் வேறு உலகத்தில் இருந்தார்கள். அவனை நிறுத்தி விசாரிக்க யாருக்கும் அவகாசம் இல்லை. சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. பழைய சிநேகிதன் புதுப் பையனைப் போல வந்து உட்கார்ந்தான். பிறகு எங்காவது தலை காட்டினாலும் அந்தப் பழைய பட்டாணி இல்லை. நாவலைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஸ்ரீராம்புரத்தில் படிக்கிறவர்கள் தாண்ட மாட்டார்கள்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கம் ஊர் உண்டு. அப்பாவோ தாத்தாவோ மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். அந்தக் காலத்து ராஜா மில் இருந்த இடத்தில் இன்றைக்கு மந்திரி மால் நிற்கிறது. 2014-ல் ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஊருக்குப் போகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

கர்நாடகத்தில் கோடை விடுமுறை ஏப்ரலிலேயே விட்டு, மே மாதக் கடைசியிலோ ஜூன் பிறந்ததுமோ பள்ளி திறந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் திறப்பதற்கு இன்னும் சில நாள் ஆகும். ஊரில் சித்தப்பா பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் எப்படி ரயிலேறுவான்? மாரியம்மன் கூழ் ஊற்றுகிற நாளும் குறுக்கே வரும். அத்தை மகள் கல்யாணமும் வரும். பத்து நாள் தாமதமாக வந்து வகுப்பில் நின்றால், உட்காரும் இடத்தில் வேறொரு பையன் இருப்பான். முருகன் என்ற பெயரை முருகேஷ் என்று கூப்பிடும் வாத்தியார் ஹாஜர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, எங்கே போயிருந்தாய் என்று கன்னடத்தில் கேட்பார். விடை தெரியும். கன்னடத்தில் சொல்லுவதற்குள் வகுப்பு சிரித்துவிடும்.

1991 டிசம்பரில் நடந்தது வேறு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. 12, 13 தேதிகளில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டன. கூட்டத்தில் பள்ளிக்கூடப் பைகளும் இருந்தன. சிலர் வாரங்களில் திரும்பினார்கள், சிலர் மாதங்கள் கழித்து, சிலர் வரவே இல்லை.

திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு அதேதான், வாத்தியார் அதேதான், பெஞ்சும் அதேதான். பக்கத்துப் பையனும் அவன்தான். எதைப் பார்த்தாலும் சேர்ந்து சிரித்த பையன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை, இவனும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் போட்ட சண்டையில் அவர்கள் இருவருக்கும் பங்கு இல்லை. என்றாலும் நடுவில் சில வாரங்கள் விழுந்துவிட்டன. அந்த வாரங்களை எப்படித் தாண்டுவது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? சில பிள்ளைகள் தாமாகவே தாண்டினார்கள். கோலியும் கிரிக்கெட்டும் உதவின. சில பிள்ளைகள் வகுப்பில் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இன்றைக்கு ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் இங்கிலீஷும் பேசுகிறார்கள். 2007-ல் சுட்டி டி.வி. வந்த பிறகு, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூடக் கார்ட்டூன் தமிழில் சரளமாகப் பேசப் பழகின. பாட்டிகளுக்கு அந்தத் தமிழ் பிடிக்கவில்லை. ஆனால் பேரனுக்குத் தமிழ் வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

ரயில் நிலையம்

மால்குடிக்கு இப்போது மெய்யாகவே ஒரு ரயில் நிலையம் உண்டு. சிவமொக்கா மாவட்டத்தில் அரசாளு என்ற சிறு நிலையத்தில்தான் தொடரின் ரயில் நிலையக் காட்சிகள் எடுக்கப்பட்டன. அந்தப் பழைய கட்டடத்தைத் தென்மேற்கு ரயில்வே புதுப்பித்து 2020-ல் மால்குடி மியூசியமாகத் திறந்தது. மைசூர் செல்லும் ஒரு வண்டிக்கு 'மால்குடி எக்ஸ்பிரஸ்' என்று பெயரும் வைத்தார்கள். கதையில் மட்டுமே உள்ள ஊரின் பெயரில் வண்டி விட்ட ரயில்வே வேறு எங்காவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

நாவலும் ரயில் நிலையத்தில்தான் முடிகிறது. ராஜத்தின் தகப்பனாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. காலை வண்டி. பிளாட்பாரத்தில் போலீஸ்காரர்களும் பெட்டி படுக்கைகளும். கிரிக்கெட் தகராறில் ராஜம் சுவாமியோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். சுவாமி ஆண்டர்சன் கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வண்டி நகரும்போது மணிதான் ஓடிப்போய் அதை ராஜத்தின் கையில் சேர்க்கிறான். ராஜம் ஏதோ சொன்னான் என்று மணி வந்து சொல்கிறான். அவன் என்ன சொன்னான், உண்மையாகவே சொன்னானா என்பது இன்றுவரை படிக்கிறவர்கள் விவாதிக்கிற விஷயம்.

அந்தப் பிளாட்பாரத்தில் சாமுவேல் இல்லை. மாற்றலாகிப் போகிற உத்தியோகஸ்தரின் வீட்டுப் பிள்ளை அல்ல அவன். வழியனுப்ப வேண்டிய அளவுக்கு ராஜத்தோடு ஒட்டியவனும் அல்ல. வண்டி போன பிறகு பத்து மணிக்கு ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் மணி அடித்திருக்கும். வாத்தியார் ஹாஜர் எடுத்திருப்பார்.